நூற்றுக்கும் மேல் கட்டுரை எழுதிய முதுகுத்தண்டு டாக்டர்: அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது?

பாபநாசம்காரன்:
வணக்கம். பெரியப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று ஓடிக்கொண்டிருந்தது. சம்பா அறுவடை முடிந்த கையோடு முதுகுவலி. மூட்டை தூக்கியதால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் டி10 எலும்பு (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது) அமுங்கியிருக்கிறது, கட்டி தண்டுவடத்தை நெருக்குகிறது என்று ரிப்போர்ட். ஆபரேஷன் செய்து, பிறகு ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார்கள்.

யாரிடம் செய்வது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. ஒருவர் சென்னையிலிருந்து மாதம் ஒரு தடவை கும்பகோணம் வந்து பார்ப்பவர். முதுகுத்தண்டு அறுவையும் புற்றுநோயும்தான் அவர் துறை, நூற்றுக்கும் மேல் ஆய்வுக் கட்டுரைகள் என்று அவர் விவரக் குறிப்பில் இருக்கிறது. இன்னொருவர் தஞ்சாவூர். பெயரைப் போட்டுத் தேடினால் நாலைந்து கட்டுரைதான். சித்தப்பா "அவ்வளவு எழுதினவர் சும்மாவா இருப்பார்?" என்கிறார். பெரியம்மாவுக்குத் தஞ்சாவூர் போதும். நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருவரின் கட்டுரைகளைப் பார்த்து அவர் கைராசியைச் சொல்ல முடியுமா?

வெண்ணாறு:
எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருப்பார், வெட்டுகிறவர் வெட்டிக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் நேரம் உள்ள மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. தஞ்சாவூருக்கே போங்கள்.

நூலகர்_கீழவாசல்:
வெண்ணாறு சொல்வது அவசரத் தீர்ப்பு. இரண்டும் செய்கிறவர்கள் உண்டு, நம் மாநிலத்திலேயே உண்டு. மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் வேலையைச் சொல்கிறேன்: அந்த நூற்றுச்சொச்சமும் ஒரே ஆள் எழுதியதா என்று பாருங்கள், தம்பி.

நம் ஊர்ப் பெயர் முறைக்கு அந்தப் பட்டியல்கள் பழக்கப்பட்டவை இல்லை. ஒரு கட்டுரையில் அப்பா பெயரின் தலைப்பெழுத்து முன்னால் வரும், அடுத்ததில் அதே எழுத்து பின்னால் போகும், வெளிநாட்டு ஜர்னலில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிடும். அதனால் ஒரே டாக்டர் மூன்று ஆளாகத் தெரிவார், மூன்று பேர் ஒரே ஆளாகவும் தெரிவார்கள். 'எஸ். குமார்' என்று தேடினால் பல் டாக்டர், மாட்டு டாக்டர், நெல் ஆராய்ச்சியாளர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். தஞ்சாவூர் டாக்டருக்கும் இதே சிக்கல்தான். உங்கள் கண்ணில் பட்ட நாலைந்து, வேறு எழுத்து வரிசையில் பதினைந்தாக இருக்கலாம்.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம் இலவசம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. பெயரோடு ஆஸ்பத்திரி பெயரையும், 'ஸ்பைன்' என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். ஆர்கிட் என்று ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் 2012-லிருந்து இருக்கிறது. அது இருந்தால் அந்த ஆளின் கட்டுரைகளைப் பிரித்தெடுப்பது எளிது. ஆனால் அந்தப் பக்கத்தை அவரவரே நிரப்புவதால் அதையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். கூகுளின் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் எண்ணிக்கை பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். மாநாட்டுச் சுருக்கம், புத்தக அத்தியாயம் எல்லாவற்றையும் அது சேர்த்துக்கொள்ளும்.

பாபநாசம்காரன்:
நன்றி ஐயா. ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். நூற்றுச்சொச்சத்தில் கொஞ்சம் வேறு ஆளுடையது, நீங்கள் சொன்ன மாதிரியே. மிச்சத்தில் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு நோயாளியின் கதை. இன்னும் சிலவற்றில் முப்பது நாற்பது பேர் பெயர், இவர் நடுவில் எங்கேயோ. 'எச்-இன்டெக்ஸ்' என்று ஒரு எண்ணும் போட்டிருக்கிறது. அது பெரிதாக இருந்தால் நல்லதா?

ஆர்த்தோ_பிஜி:
எலும்பு மருத்துவத்தில் மேல்படிப்பு முடித்தவன் என்பதால் உள்ளே இருந்து சொல்கிறேன். எச்-இன்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றையும் குறைந்தது 20 தடவை மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆபரேஷன் மேசையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வயது கூடினால் தானாகவே கூடும், ஒருபோதும் குறையாது.

ஒன்றிரண்டு நோயாளியின் கதை என்று சொன்னீர்களே, அது கேஸ் ரிப்போர்ட். அதில் தப்பில்லை. அபூர்வமான கட்டியை ஒருவர் பார்த்து எழுதி வைத்தால் பிறகு பார்க்கிறவருக்கு உதவும். ஆனால் அபூர்வம் என்பதால்தான் அது அச்சேறியது. உங்கள் பெரியப்பாவுக்கு வந்திருப்பது அபூர்வமில்லை. புராஸ்டேட், மார்பகம், நுரையீரல், இந்த மூன்றும் முதுகெலும்புக்குப் பரவுவது தினசரி பார்க்கிற விஷயம்.

முப்பது நாற்பது பேர் பெயர் வருவது பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த கூட்டு ஆய்வு. அதில் பெயர் இருந்தால், அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளைச் சேர்த்து வருஷக்கணக்கில் விவரம் அனுப்பியிருக்கிறது என்று பொருள். நான் அதைக் குறைத்து மதிக்க மாட்டேன். தனி ஆளாக எழுதிய பத்து கேஸ் ரிப்போர்ட்டை விட இது மேல்.

எங்கள் வழக்கத்தில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் யூனிட்டின் தலைவர். நடுவில் இருப்பவர்கள் ஸ்கேன் படித்தவரிலிருந்து, சும்மா மரியாதைக்குச் சேர்த்தவர் வரை யாராகவும் இருக்கலாம். மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் பெயர் போடலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன் :)

இன்னொரு வகை இருக்கிறது, அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் டிஸ்சார்ஜ் பதிவுகளை மொத்தமாக வாங்கி, கணினியில் அலசி எழுதுவது. லட்சம் நோயாளி என்று தலைப்பிலேயே இருக்கும். எழுதியவர் அதில் ஒரு நோயாளியையும் தொட்டிருக்க வேண்டியதில்லை. கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது அந்த டாக்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வெண்ணாறு:
பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி வைத்தால் கட்டுரை முளைக்கத்தான் செய்யும். இதில் ஆச்சரியம் என்ன?

மருந்துக்காரர்_ஓய்வு:
முதுகுத்தண்டுத் துறை என்றதால் ஒரு பழைய கதை. கட்டுரை எண்ணிக்கையை நம்புகிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க முன்பெல்லாம் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைப்பார்கள். அதற்குப் பதிலாக எலும்பை வளரவைக்கும் ஒரு புரதம், ஆர்எச்-பிஎம்பி-2, அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்றது. தயாரித்த நிறுவனத்தின் பணத்தில் நடந்த 13 ஆய்வுகள் வந்தன. 780 நோயாளிகள். அந்தப் புரதத்தால் பக்கவிளைவு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆமாம், ஒன்றுகூட. ஊறுகாய்க்கே பக்கவிளைவு உண்டு.

2011 ஜூனில் 'தி ஸ்பைன் ஜர்னல்' இந்த விவகாரத்துக்கென்றே ஒரு இதழை ஒதுக்கியது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த யூஜின் காரஜியும் கூட இருந்தவர்களும், அமெரிக்க அரசிடம் கொடுத்த ஆவணங்களையும் அச்சான கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். முதலில் சொன்ன மதிப்பைவிட 10 முதல் 50 மடங்கு வரை பாதிப்பு இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை, அந்த டாக்டர்களுக்கு நிறுவனம் கொடுத்த பணத்தையும், கட்டுரை வரைவுகளில் நிறுவன ஆட்கள் கை வைத்ததையும் வெளியே கொண்டுவந்தது. யேல் பல்கலைக்கழகம் மூலத் தரவுகளை வாங்கி இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தது. 2013-ல் முடிவு வந்தது. பழைய எலும்புத் துண்டு முறையைவிடத் தெளிவான மேன்மை இல்லை. புற்றுநோய் ஆபத்து சற்றுக் கூடலாம், ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த 13 ஆய்வுகளை எழுதியவர்களின் பட்டியலை 2008-ல் பார்த்திருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். பெரிய ஜர்னல், பெரிய பெயர், ஏராளமான மேற்கோள். அதனால் தம்பி, ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பாராவில் பொடி எழுத்தில் யாருடைய பணம் என்று இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் சிக்கல்கள் எத்தனை என்று போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முதுகுத்தண்டுப் புற்றுநோய் அறுவையில் புண் சீழ் பிடிப்பதும், ரத்தம் அதிகம் போவதும், ஸ்குரூ தளர்வதும் இல்லாத ஆஸ்பத்திரி உலகத்தில் கிடையாது. எழுதாதவரைவிட எழுதியவரை நான் நம்புவேன்.

ஆர்த்தோ_பிஜி:
சார் சொன்னதற்கு நூறு லைக். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாக் கட்டுரையும் குப்பை என்று வெண்ணாறு கிளம்பிவிடுவார், அதனால் மறுபக்கம்.

பெரியப்பாவுக்கு "ஆபரேஷன், பிறகு ரேடியேஷன்" என்று சொன்னார்களே, அந்த யோசனை நிலைபெற்றது ஒரு கட்டுரையால். பேட்ச்செல் என்ற டாக்டரின் குழு, 2005, லான்செட் மருத்துவ ஜர்னல். அதுவரை தண்டுவடத்தைக் கட்டி நெருக்கினால் ரேடியேஷன் மட்டும்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். இவர்கள் 101 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அறுவையும் ரேடியேஷனும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். நடக்க முடிந்த காலம், இடைநிலைக் கணக்கில், 122 நாள் எதிர் 13 நாள். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 101 பேரைச் சேர்க்க ஏழு மையங்களுக்குப் பத்து வருஷம் பிடித்தது. இப்படி ஒரு கட்டுரை ஒருவர் வாழ்நாளில் எழுதினால் போதும். எண்ணிக்கையில் அதுவும் ஒன்றுதான்.

அதிலும் யாரைச் சேர்க்கவில்லை என்று பார்க்க வேண்டும். ரேடியேஷனுக்கு எளிதில் கரைகிற லிம்போமா, மைலோமா மாதிரியானவை இல்லை. ஒரே இடத்தில் நெருக்கம் இருந்தவர்கள் மட்டும். குறைந்தது மூன்று மாதமாவது இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் மட்டும். கால் முழுக்கச் செயலிழந்து 48 மணி நேரம் தாண்டியவர்களை எடுக்கவில்லை. 2019-ல் ஸ்கோராட் என்று இன்னொரு ஆய்வு, 686 பேர், இதில் அறுவை கிடையாது. ஒரே தடவை 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) கொடுப்பதற்கும் ஐந்து தடவையாக 20 கிரே கொடுப்பதற்கும் எட்டாவது வாரத்தில் நடப்பவர்கள் 69, 73 சதவீதம் என்று வந்தது. ஒரே தடவை கொடுப்பது மோசமில்லை என்று உறுதியாகச் சொல்ல முன்கூட்டி வைத்த அளவுகோலை அது எட்டவில்லை. ஆனாலும் ரொம்ப முடியாத நோயாளியை ஐந்து நாள் அலையவைக்க வேண்டுமா என்று டாக்டர்கள் யோசிக்க அது இடம் கொடுத்தது.

உங்கள் டாக்டரிடம் 'சின்ஸ்' மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள். 2010-ல் வந்தது. எலும்பு எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்று 18-க்குப் போடுவார்கள். 6 வரை உறுதி, 7 முதல் 12 வரை சந்தேகம், 13 முதல் 18 வரை ஆட்டம். 7 வந்தாலே அறுவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

நூலகர்_கீழவாசல்:
பின்தொடர்ந்த காலத்தையும் பாருங்கள். "40 பேருக்குச் செய்தோம், இரண்டு வருஷம் கழித்து 22 பேர் நலம்" என்று ஒரு கட்டுரை சொன்னால் மிச்ச 18 பேர் எங்கே? இறந்தார்களா, இல்லை சென்னை வரைக்கும் போய்வரக் கையில் காசில்லாமல் இருந்துவிட்டார்களா? நடவு சமயத்தில் நம் பக்கத்து ஆள் ரிவ்யூவுக்குப் போவாரா? நல்ல கட்டுரை அதையும் கணக்குச் சொல்லும்.

குத்தாலம்_மீனா:
நேரே சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அண்ணா. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த இடம், அங்கே கேள்வி கேட்கவே வேண்டாம். இன்னொன்று, என் அத்தைக்கும் ஸ்கேனில் கேன்சர் பரவியிருக்கிறது என்றார்கள். கடைசியில் டிபி. பயாப்ஸி எடுத்தார்களா?

ஆர்த்தோ_பிஜி:
மீனா கேட்டது சரியான கேள்வி. நம் நாட்டில் முதுகெலும்பு டிபி சாதாரணம். பொதுவாக டிபி இரண்டு எலும்புக்கு நடுவில் உள்ள தட்டையும் சேர்த்து அரிக்கும், புற்றுநோய் தட்டை விட்டுவிட்டு எலும்பைத் தின்னும். ஆனால் விதிவிலக்கு நிறைய, திசு எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். டிபி என்றால் சிகிச்சையே வேறு. 1970-களில் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, மாத்திரை மட்டும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள் என்று காட்டியது. நூலகர் ஐயா கேட்டது போல, அவர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தும் எழுதினார்கள்.

ஸ்டாஃப்_திருவாரூர்:
எல்லாரும் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். பாபநாசம் தம்பி, பட்டியலை ஓரமாக வையுங்கள். பெரியப்பாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? படி ஏறுகிறாரா? ஒன்றுக்குப் போவதில் சிரமம், மலச்சிக்கல் ஏதாவது? தொடை, வயிறு மதமதப்பு?

பாபநாசம்காரன்:
வலி மாத்திரை போட்டால் நடக்கிறார் அக்கா. ஆனால் செருப்பு காலிலிருந்து நழுவினால் அவருக்குத் தெரியவில்லை. நேற்று வாசலில் ஒரு செருப்போடு உள்ளே வந்துவிட்டார், பேத்தி சிரித்தாள். திண்ணையில் ஏற என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்றுக்கு நேரம் ஆகிறது, ஆனால் அது புராஸ்டேட்டால் முன்னாலிருந்தே உண்டு.

ஸ்டாஃப்_திருவாரூர்:
இது பழைய தொந்தரவு இல்லை தம்பி. இன்றைக்கே கிளம்புங்கள். தஞ்சாவூர்தான் கிட்டே, தஞ்சாவூரே போங்கள். 108-ஐக் கூப்பிட்டு, முதுகெலும்பு நெருக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்காரவைத்து காரில் கொண்டுபோகாதீர்கள், மல்லாக்கப் படுக்கவைத்து, திருப்பும்போது தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பட்டும். பஸ், ஆட்டோ எதுவும் வேண்டாம். எம்ஆர்ஐ படம், பழைய பயாப்ஸி ரிப்போர்ட், பிஎஸ்ஏ (புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ஆதார் எல்லாம் ஒரே பையில்.

ஆர்த்தோ_பிஜி:
அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். மீனா, ஆடும் எலும்போடு முந்நூறு கிலோமீட்டர் இப்போது வேண்டாம். இந்தத் துறையில் எத்தனையோ கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: சிகிச்சைக்குப் போகிற அன்று நடக்கிறவர்தான் பெரும்பாலும் பிறகும் நடப்பார். நான் மேலே சொன்ன லான்செட் ஆய்விலேயே, நடக்க முடியாமல் வந்தவர்களில் அறுவைக்குப் பின் திரும்ப நடந்தவர்கள் 16 பேரில் 10. ரேடியேஷன் மட்டும் என்றால் 16-ல் 3. மாதம் ஒரு தடவை வருகிற டாக்டரின் அடுத்த தேதிக்குக் காத்திருக்கிற நோய் இல்லை இது. போனவுடன் ஸ்டீராய்டு தொடங்குவார்களா என்று கேளுங்கள், சர்க்கரை இருந்தால் சொல்லிவிடுங்கள்.

வெண்ணாறு:
போனதும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி. ரத்தம் வேண்டும் என்றால் சொல்லுங்கள், நாங்கள் நாலு பேர் தஞ்சாவூரில் இருக்கிறோம்.

பாபநாசம்காரன்:
எல்லாருக்கும் நன்றி, தாமதமாக எழுதுகிறேன். அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டோம். ஸ்டீராய்டு ஊசி, யூரின் டியூப். முழு முதுகுக்கும் மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்கள், வேறு எங்கும் நெருக்கம் இல்லை. சின்ஸ் கேட்டேன், 13 என்றார். கேட்டதும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

சென்னை டாக்டரின் உதவியாளருக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். டாக்டரே கூப்பிட்டார். "இங்கே கொண்டுவர வேண்டாம், அங்கேயே உடனே செய்யச் சொல்லுங்கள், வேண்டுமானால் நான் அவரிடம் பேசுகிறேன்" என்றார். இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். சித்தப்பா வாயடைத்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் தஞ்சாவூர் டாக்டரிடம் இங்கே படித்ததையெல்லாம் கேட்டேன். இந்த மாதிரி எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் நடந்தார்கள், புண் ஆறாமல் போனது எத்தனை. கோபப்படுவார் என்று நினைத்தேன். மேசை டிராயரிலிருந்து நீள ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்தார். வயது, எந்தப் புற்றுநோய், வரும்போது நடந்தாரா, போகும்போது நடந்தாரா, கடைசியாக எப்போது பார்த்தது என்று கட்டம் போட்டுக் கையால் எழுதியிருக்கிறார். இறந்தவர்களுக்கு எதிரே தேதி. சீழ் பிடித்தவர்களுக்குச் சிவப்பு மை.

பயாப்ஸியில் புராஸ்டேட்தான். கால் பலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, வாக்கர் பிடித்து வார்டுக்குள் நடக்கிறார். ரேடியேஷன் எப்போது தொடங்குவார்கள் என்று தெரியவில்லை.

ஆர்த்தோ_பிஜி:
மகிழ்ச்சி. புண் ஆறுவதைப் பார்த்துத்தான் தேதி வைப்பார்கள். அந்த லான்செட் ஆய்வில் அறுவை முடிந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கினார்கள், பத்துத் தடவையாக 30 கிரே. தையல் இடத்தில் ஈரம், சிவப்பு இருந்தால் தள்ளிப்போடுவார்கள். அந்த ரிஜிஸ்டரை யாராவது ஒரு பிஜி (மேல்படிப்பு மாணவர்) உட்கார்ந்து கட்டுரையாக்கலாம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்ணாறு:
ஆக்கினால் முதல் பெயர் பிஜியுடையது, ரிஜிஸ்டர் எழுதினவர் கடைசியில். சரிதானே?

ஆர்த்தோ_பிஜி:
சரிதான். நீங்களே சொல்லிவிட்டீர்கள் :)

ஸ்டாஃப்_திருவாரூர்:
ராத்திரி இரண்டு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள் தம்பி, குதிகாலையும் இடுப்பையும் பாருங்கள், படுக்கைப் புண் அங்கேதான் ஆரம்பிக்கும். யூரின் டியூப் எடுத்த பிறகு எவ்வளவு போகிறார் என்று அளந்து எழுதி வையுங்கள், டாக்டர் கேட்பார்.

குத்தாலம்_மீனா:
நூலகர் ஐயா, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இடுப்பெலும்பில் வலி என்கிறார். டாக்டர் பெயரைக் கொடுத்தால் நீங்கள் பட்டியலைப் பிரித்துக் கொடுப்பீர்களா?

நூலகர்_கீழவாசல்:
தருகிறேன் அம்மா, ஆனால் பெயரை இங்கே போடாதே, தனிச்செய்தியில் அனுப்பு. அதற்கு முன்னால் அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று திருவாரூர் அக்கா கேட்ட கேள்விகளை ஒரு தடவை கேட்டுவிடு.